கடைக்கு ஒரு நாள் லீவு: சீசன் இல்லாத ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய்வர ஒரு வழிகாட்டி

மளிகைக் கடைக்காரருக்கு வருடத்தில் மனம் நிறைந்த விடுமுறை என்று ஒன்று உண்டென்றால் அது மே மாதம் 5ஆம் தேதிதான். வணிகர் தினம் என்று மாநிலம் முழுவதும் கடையடைக்கிறோம். மாநாட்டுக்குப் போகிறவர்கள் போகிறோம். போகாதவர்கள் வீட்டில் படுத்துத் தூங்குகிறோம். பிள்ளைகள் அன்றைக்குத்தான் ‘எங்கேயாவது குளிர்ச்சியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் மே முதல் வாரத்தில் மலை ஊர்களின் நிலை என்ன? அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. சாப்பாட்டுக்கு வரிசை, படகுக்கு வரிசை, கொண்டை ஊசி வளைவில் வண்டிகளின் வரிசை. காசைக் கொடுத்து நெரிசலை வாங்கி வந்ததுதான் மிச்சம் என்று நொந்துகொள்ளும் உறுப்பினர்கள் நம்மில் பலர்.

அதே ஊருக்குத் தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போய்ப் பாருங்கள். வாடகைக் காரும் வேண்டாம், தங்கும் அறையும் வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து ஒரு இரவு புறப்பட்டு, மறுநாள் முழுவதும் மலையில் இருந்துவிட்டு, அதற்கு அடுத்த நாள் காலை கடை திறந்துவிடலாம். கடை மூடியிருப்பது ஒரே ஒரு நாள். இன்னொரு லாபமும் உண்டு. நம் கடை அலமாரியில் தினமும் கைபடும் இரண்டு சரக்குகள், காபியும் மிளகும், மரத்திலிருந்தும் கொடியிலிருந்தும் இறங்குவது அந்தச் சமயத்தில்தான். சீசனில் போகிறவர்கள் இதைப் பார்க்கவே முடியாது.

எந்த மலை?

நமக்குத் தூரத்தில் அருகில் இருப்பது ஏலகிரிதான். காஞ்சிபுரம், வேலூர் வழியாகத் திருப்பத்தூர் பக்கம் போய், பொன்னேரி கூட்டுரோட்டிலிருந்து 14 வளைவுகள் ஏறினால் ஊர் வந்துவிடும். குடும்பத்தோடு காற்று வாங்கிவர நல்ல இடம். ஆனால் கடைவீதி சின்னது. ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டால் மதியத்துக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது.

ஊட்டியும் கொடைக்கானலும் ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. கார் வைத்திருப்பவர்களுக்கும் அங்கே இப்போது ஒரு வேலை கூடியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துப் போகவேண்டும் என்று வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கலாம். மலைப்பாதை தாங்கும் அளவு இவ்வளவுதான் என்று நீதிமன்றமே சொல்லவேண்டிய நிலை வந்தபின், பஸ்ஸில் போவது ஏழ்மையின் அடையாளம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

ஏற்காடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டமும் உண்டு, கடைவீதியும் உண்டு, கால்நடையாகப் பார்க்கும் அளவுக்கு இடங்களும் நெருங்கி இருக்கின்றன. வியாபாரிக்கு ஏற்ற மலை இதுதான் என்பது என் கட்சி.

எந்த நாள்?

இதில்தான் தயக்கம் எல்லாம். ‘ஒரு நாள் மூடினால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும்’ என்பது நம்மவர்களின் நிரந்தர அச்சம். அது முற்றிலும் வீண் அச்சம் என்று சொல்லமாட்டேன். தேதி 1 முதல் 10 வரை மூடினால் போகத்தான் செய்யும். அது சம்பளப் பணம் புழங்கும் நேரம், மாதச் சாமான் சீட்டு வரும் நேரம், பற்று வரவு தீர்க்கிற நேரம். அமாவாசைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாளுக்கு முந்தின இரண்டு நாள் இவையும் கூடாது. மீதியில் மாதத்தின் 20ஆம் தேதிக்கு மேல் வரும் செவ்வாய், புதன் கிழமைகளைத் தள்ளி எடுத்துப் பழைய நாட்குறிப்பில் அந்த நாட்களின் கல்லாக் கணக்கைப் பாருங்கள். எந்த நாளில் மூடினால் நஷ்டம் குறைவு என்று உங்கள் கணக்கே சொல்லிவிடும். பிறர் சொல்லிக் கேட்கவேண்டிய விஷயமல்ல இது.

நம் பக்கத்தில் பொங்கல் வியாபாரம் முடிந்து, சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து புழங்கத் தொடங்குவதற்கு முன்பு சில நாட்கள் கடைவீதி அடங்கிக் கிடக்கும். ஜனவரி கடைசி வாரம். மலையிலும் அது சீசன் இல்லாத காலம். அரையாண்டு விடுமுறைக் கூட்டமும், புத்தாண்டுக் கூட்டமும், பொங்கல் கூட்டமும் இறங்கிப் போயிருக்கும். குடியரசு தினம் சனி, ஞாயிறை ஒட்டி வந்தால் மட்டும் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆடி மாதத்திலும் நமக்கு மந்தம்தான். ஆனால் அப்போது மலையில் மழையும் மூடுபனியும். குடையும் கையுமாக டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாமே தவிர, தோட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

மூடுவதற்கு மூன்று நாள் முன்பே கதவில் அட்டை எழுதி மாட்டுங்கள். ‘புதன் கடை விடுமுறை, வியாழன் காலை வழக்கம்போல்’ என்று இருந்தால் போதும். திரும்பி வரும் நாளை எழுதுவது முக்கியம். மூடிய கதவைப் பார்த்து வாடிக்கையாளர் மனத்தில் எழும் முதல் கேள்வி அதுதான். பால், தயிர், ரொட்டி போடுகிறவர்களுக்கு முந்தின நாளே சொல்லி நிறுத்திவிட வேண்டும். காய்கறி வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே கொள்முதலைக் குறைத்துக்கொள்ளலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் ஆள் வரும் கிழமையாக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் வீட்டம்மாதான் பாதி நேரம் கல்லாவில் இருக்கிறார். அவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் மலைக்குப் போவது நியாயமல்ல. மூடினால் இருவருக்கும் சேர்த்து மூடவேண்டும்.

போகும் வழி

வாடகைக் கார் எடுத்தால் போக வர 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கிலோமீட்டர் வாடகை, டிரைவர் படி, சுங்கச்சாவடி, மலை ஏற்றத்துக்குத் தனிக் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் போகும் செலவு, அந்த ஒரு நாள் கடை மூடிய நஷ்டத்தைவிடப் பெரிதாக நிற்கும். ரயிலும் பஸ்ஸும் என்றால் கணக்கே வேறு.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர். சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகும் இரவு எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டில் நின்று போகிறது. கடையை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் அடைத்துவிட்டு, இரவு பஸ்ஸில் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தால் ரயில் வர நேரம் இருக்கும். படுக்கை வசதிக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. 2024 நவம்பர் 1 முதல் பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்துதான் பதிவு செய்யமுடியும். முன்பு 120 நாளாக இருந்தது. சீசன் இல்லாத வார நாளுக்கு இடம் கிடைப்பதில் பெரிய சிரமம் இருக்காது. திரும்பி வருவதற்கும் அதே ரயில் இரவில் சேலத்திலிருந்து கிளம்புகிறது. நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு வந்தவாசி, திருவண்ணாமலை, அரூர் வழியாகச் சேலம் போகும் பாதை உண்டு. மாறி மாறி ஏறவேண்டும், உடம்பு வலிக்கும். வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சேலம் சந்திப்பில் விடியற்காலையில் இறங்கி, காத்திருப்போர் அறையில் பல் விளக்கி முகம் கழுவிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் பஸ் நிலையம் போனால் ஏற்காடு பஸ் நிற்கும். மலைப் பாதையில் தலை சுற்றும் என்பவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றிலும் இல்லாமல் நிறைந்த வயிற்றிலும் இல்லாமல் இரண்டு இட்லியோடு ஏறுவது உத்தமம். சுக்குத் துண்டும் எலுமிச்சம்பழமும் நம் கடையிலேயே இருக்கின்றன. பையில் போட்டுக்கொள்ள மறக்கவேண்டாம். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஏற்றம் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறிச் சேலம் நகரம் கீழே போய்க்கொண்டே இருக்கும். கீழே மூங்கிலும் முள் காடுமாக இருப்பது, மேலே போகப் போக உயரமான சில்வர் ஓக் மரங்களாகவும் அவற்றின் நிழலில் காபிச் செடிகளாகவும் மாறும். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பார்ப்பதைவிடக் காரில் ஒன்றும் கூடுதலாகத் தெரியப் போவதில்லை.

ஏறியதும் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரே கேள்வி, மாலையில் கீழே இறங்கும் பஸ்களின் நேரம். அதைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் நிம்மதி.

காலாலேயே ஊர்

ஏற்காட்டின் நடு இடத்துக்கு ஒண்டிக்கடை ரவுண்டானா என்று பெயர். ஒரு ஊரின் நாற்சந்திக்குத் தலைவர் பெயரோ சாமி பெயரோ இல்லாமல் கடையின் பெயர் நிலைத்திருப்பது நம் சங்கத்தாருக்குச் சந்தோஷம் தரும் செய்திதான். ஏரி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊர் வயிரமேகத் தடாகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏற்காடு ஏரி ஒரு பெரிய குளம், அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் மரமும் மேட்டு நிலமும் காலைப் பனியுமாக அது தரும் தோற்றம் வேறு. மே மாதத்தில் கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கும்போது படகுக்கு நிற்கும் வரிசை ஜனவரி புதன்கிழமை இருக்காது. ஏரிக்கரையில் அண்ணா பூங்கா.

அங்கிருந்து லேடீஸ் சீட் எனும் மலை விளிம்பு இரண்டு மூன்று கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம். நாள் முழுதும் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் கால்களுக்கு நிற்பதுதான் பழக்கம், நடப்பது அல்ல. அதனால் போகும்போது நடந்து, வரும்போது ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தாலும் குற்றமில்லை. வானம் தெளிந்திருந்தால் சேலம் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். மேட்டூர் பக்கம்கூடத் தெரியும். நாம் ஏறி வந்த பாதை பாம்பு போலக் கீழே வளைந்து கிடப்பதையும் பார்க்கலாம்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டமும் நடக்கும் தூரம்தான். 1963 முதல் இருக்கிறது. அரசு அலுவலகம் என்பதால் வேலை நாளில் போவதே பாதுகாப்பு. நாம் ஐஸ்கிரீம் எசன்ஸாக விற்கும் வெனிலாவும் இந்த ஆர்க்கிட் குடும்பத்துக் கொடிதான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

கிளியூர் அருவிக்கு ஜனவரியில் போவது அவ்வளவு பயனில்லை. ஏரி நிரம்பி வழியும் மழைக் காலத்தில்தான் அதற்கு அழகு. பகோடா பாயிண்ட்டும் சேர்வராயன் கோயிலும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஒன்றையும் பார்க்காமல் வந்துவிடுவோம். மாறாக, நாகலூர் போன்ற மலைக் கிராமங்களுக்குப் போகும் ஊர் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வாருங்கள். வழியெல்லாம் காபித் தோட்டம். பஸ்ஸில் தோட்ட வேலைக்காரர்களும், பள்ளிப் பிள்ளைகளும், சாக்குப் பையோடு கடைத்தெருவுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். இதுதான் அந்த நாளின் சிறந்த பகுதி.

காபி இறங்கும் காலம்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார் என்பது வரலாறு. இங்கே பெரும்பாலும் அராபிகா. நவம்பர் முதல் ஜனவரி, சில தோட்டங்களில் பிப்ரவரி முதல் பாதி வரை பழம் பறிப்பார்கள். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் கையால் பறிக்கவேண்டும். அதனால் ஒரு செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

பறித்த பழத்துக்கு இரண்டு வழி. ஒன்று, அன்றைக்கே தோலை நீக்கி, கொழகொழப்பு போகப் புளிக்க வைத்துக் கழுவி, களத்தில் உலர்த்துவது. இது பார்ச்மென்ட். அதன் மேல் உமியை மில்லில் நீக்கினால் நாம் பிளாண்டேஷன் என்று சீட்டில் எழுதும் சரக்கு. இன்னொன்று, பழத்தை அப்படியே வெயிலில் காயப் போடுவது. இது செர்ரி. கறுத்துச் சுருங்கி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயும். ஜனவரியில் சாலையோரக் களங்களில் இந்த இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நம் ஊரில் நெல் காயப்போட்டிருக்கும் களத்தில் செருப்புக் காலோடு யாராவது ஏறினால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மரியாதையை அங்கும் காட்டவேண்டும். தோட்டங்கள் தனியார் சொத்து. கேட்காமல் உள்ளே நுழையக்கூடாது. கேட்டால், வேலை நாளில், பெரும்பாலும் ‘வந்து பாருங்க’ என்பார்கள்.

இப்போது கணக்கு. ஏறக்குறைய 6 கிலோ பழம் இருந்தால்தான் 1 கிலோ காபிக் கொட்டை. அதை வறுத்தால் எடை நூற்றுக்கு 15 முதல் 20 வரை குறையும். ஆகவே 1 கிலோ சுத்தமான காபித்தூள் என்பது 7 கிலோவுக்கு மேற்பட்ட பழம், ஒவ்வொன்றும் கையால் பறித்தது. ‘ஏன் சார் காபித்தூள் இந்த விலை விற்கிறது?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் இதுவரை ‘கம்பெனி ஏத்திட்டான்’ என்று ஒரே பதிலைச் சொல்லி வந்தோம். இனி இந்தக் கணக்கைச் சொல்லலாம். விலை ஏறியதற்கு வெளிநாட்டுக் காரணமும் உண்டு. பிரேசில், வியட்நாம் நாடுகளில் வறட்சி ஏற்பட்டு, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டிப் போனது. முன் காலத்தில் தோட்டக்காரர் தன் காபியைக் காபி போர்டிடம்தான் ஒப்படைக்கவேண்டும். 1990களில் படிப்படியாகத் தளர்த்தி 1996இல் முழுவதும் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து உலகச் சந்தையின் ஏற்றமும் இறக்கமும் நேராக மலைக்கு வருகிறது, மலையிலிருந்து நம் கல்லாவுக்கும் வருகிறது.

ஏற்காடு கடைவீதியில் கொட்டையைக் கண் முன்னே அரைத்துக் கொடுக்கும் கடைகளில் வாங்குவது நல்லது. சிக்கரி வேண்டுமா, வேண்டாமா, எத்தனை பங்கு என்று அவர்கள் கேட்பார்கள். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி நூற்றுக்கு 51 பங்காவது இருக்கவேண்டும். எத்தனை பங்கு என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிடவும் வேண்டும். நம் கடையில் இருக்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும். நாமே படித்திருக்கமாட்டோம். சந்தேகமான தூளுக்கு ஒரு எளிய சோதனை: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் லேசாகத் தூவினால் காபித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு சீக்கிரம் மூழ்கிவிடும்.

ஆசைப்பட்டு ஐந்து கிலோ அரைத்து வந்துவிடாதீர்கள். வறுத்து அரைத்த தூள் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மணத்தை இழந்துவிடும். வீட்டுக்கு அரைக் கிலோ போதும். கடையில் வைத்து விற்கிற எண்ணம் இருந்தால் பில் போட்டு, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாகவே வாங்கவேண்டும். பிரித்துக் கட்டி விற்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

மிளகு

காபிக்கு நிழல் தரும் அதே சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். ஒரே நிலத்தில் தரையில் ஒரு விளைச்சல், மரத்தில் ஒரு விளைச்சல். ஜனவரி கடைசியில் மிளகுப் பறிப்பு தொடங்கியிருக்கும். நீண்ட ஏணியைச் சாத்தி ஏறிப் பறிப்பதைப் பார்த்தால், மிளகை நாம் கைப்பிடியாக அள்ளிப் போடும் அலட்சியம் கொஞ்சம் குறையும். பச்சை மிளகு 3 கிலோ காய்ந்தால் 1 கிலோ கறுப்பு மிளகு.

மிளகு வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. லிட்டர் எடைதான் உரைகல். ஒரு லிட்டர் அளவில் கொள்ளும் மிளகு 500 முதல் 550 கிராம் நின்றால் நல்ல முற்றிய சரக்கு. எடை குறையக் குறைய உள்ளே சொத்தை அதிகம் என்று பொருள். பல்லில் வைத்துக் கடித்தால் சட்டென்று உடையவேண்டும். நசுங்கினால் ஈரம் போகவில்லை, மூட்டையில் பூசணம் பிடிக்கும். பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுங்கள். முற்றிய மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். நீள்வட்டமாக, பச்சையோடிய பழுப்பில் இருந்தால் பப்பாளி. காபித்தூளில் மூழ்குவதும் மிளகில் மிதப்பதும் சந்தேகத்துக்கு உரியவை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சீசன் இல்லாத கடைகள்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத்தைக் கடைகளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். வியாபாரி வேறு ஊருக்குப் போனால் கோபுரத்துக்கு முன் கடையைத்தான் பார்ப்பார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஏரிக்கரையை ஒட்டிய கடைகளையும் ஊருக்குள் இருக்கும் கடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரிக்கரையில் சாக்லேட், தைலம், குல்லாய், பொம்மை, மிளகாய் பஜ்ஜி. இது வந்து போகிறவர்களை நம்பிய வியாபாரம். வார நாளில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும், திறந்திருப்பவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்குள் அரிசி, எண்ணெய், கருவாடு, கம்பளி, தார்ப்பாய், கவாத்துக் கத்தி. இது தோட்டக் கூலிக்காரரையும் மலைக் கிராமத்தாரையும் நம்பிய வியாபாரம். மே மாதத்தில் இங்கே பெரிய ஏற்றம் இருக்காது, ஜனவரியில் பெரிய இறக்கமும் இருக்காது. காபிப் பறிப்புக் காலத்தில் கூலி புழங்குவதால் சுற்றுலாக்காரர்கள் இல்லாத இந்த மாதமே இவர்களுக்குச் சுறுசுறுப்பு.

சீசனில் போனால் கடைக்காரருக்கு நம்மிடம் பேச நேரமிருக்காது. இப்போது இருக்கும். நாமும் கடைக்காரர்தான், உத்திரமேரூர்ப் பக்கம் மளிகை, என்று சொன்னால் ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். கேட்கவேண்டியது: சீசனுக்கு எப்போது சரக்கு போடுகிறீர்கள், ரொக்கமா கடனா, ஜூன் மாதத்தில் மீந்ததை என்ன செய்கிறீர்கள், கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்கிறதா? இது நமக்கு அந்நியமான கேள்வி அல்ல. வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும் மாதங்களை நம்பிக் கடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சியில் கருடசேவையை நம்பிச் சரக்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கடைகளிலேயே தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கிப் போட்ட சரக்கு பொங்கல் தாண்டியும் பரணில் கிடக்கிறது. அதற்கு ஏறும் வட்டியை லாபக் கணக்கில் கழித்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? பதினோரு மாத மந்தத்தைத் தாங்கி நிற்கும் ஒரு மலைக் கடைக்காரர் இதற்கு நடைமுறையில் கண்ட பதில்கள் வைத்திருப்பார். உத்திரமேரூரில் பக்கத்துக் கடைக்காரரிடம் இதையெல்லாம் கேட்க நமக்குக் கூச்சம், சொல்ல அவருக்கும் கூச்சம். முன்பின் தெரியாதவரிடம் அந்தக் கூச்சம் இருவருக்கும் இல்லை.

இறங்கும் நேரம்

ஜனவரியில் சீக்கிரமே இருட்டிவிடும். மலையில் காட்டு மாடுகளின் நடமாட்டம் உண்டு என்பதால் பொழுது சாய்ந்தபின் தோட்டப் பாதைகளில் நடப்பதைத் தவிர்க்கவேண்டும். நான்கரை, ஐந்து மணி பஸ்ஸில் இறங்கினால் வெளிச்சத்திலேயே வளைவுகளைக் கடந்துவிடலாம். ஸ்வெட்டர் அல்லது கனத்த துண்டு ஒன்று அவசியம். மஞ்சப்பை இரண்டு அவசியம். 2019 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் பிளாஸ்டிக் தடையைப் பற்றிக் கடைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ரயிலுக்கு இடையில் சேலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். காலில் தெம்பு இருப்பவர்கள் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் ஒரு சுற்று சுற்றி வரலாம். வெல்லமும் ஜவ்வரிசியும் மொத்தமாகக் கைமாறும் இடங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாம் பாயசத்துக்கு நிறுத்துக் கொடுக்கும் சரக்கின் ஊர் இது. மொத்த விலையை விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த முறை காஞ்சிபுரத்தில் கொள்முதல் செய்யும்போது பேரம் பேச உதவும்.

ரயில் செங்கல்பட்டை அடைவது பின்னிரவில். தூங்கிவிட்டால் எழும்பூர்தான். செல்போனில் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். நிலையத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுக் கடை திறக்க நேரம் சரியாக இருக்கும். கதவில் மாட்டிய அட்டையை எடுத்துவிடுவதற்கு மறக்காதீர்கள்.